கொக்கு, நாரைகளின் ஜோடி ஆட்டத்தைப் படமெடுப்பது எப்படி? கேள்வி பதில்

வேடந்தாங்கல், கூந்தன்குளம் பறவைகள் சரணாலயங்களில் பருவம் நெருங்குகிறது. இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஜோடி சேரும் காலத்தைப் பற்றியவை.

கேள்வி (திண்டிவனம்): போன ஜனவரியில் வேடந்தாங்கல் போனேன். கொக்குகள் எல்லாம் கூட்டில் அடங்கிக் கிடந்தன. எப்போது போக வேண்டும் சார்?

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி, நீர்க்கடம்ப மரங்களின் அடி மூழ்கியதும் போங்கள். நல்ல மழை ஆண்டில் அது நவம்பர், டிசம்பர். காலண்டரைவிட ஏரியின் நீர்மட்டத்தை விசாரிப்பதுதான் முக்கியம். ஜனவரியில்தான் முடியும் என்றால் கொக்கை விட்டுவிட்டு மஞ்சள்மூக்கு நாரையைப் பாருங்கள். அது கொஞ்சம் தாமதமாகத்தான் கூடு கட்டத் தொடங்கும்.

கேள்வி (சேலம்): நூற்றுக்கணக்கான பறவைகள் உட்கார்ந்திருக்கின்றன. எது ஆடப் போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முகத்தைப் பாருங்கள். கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே இறகில்லாத சிறு தோல்பட்டை ஒன்று இருக்கும். சின்னக் கொக்குக்கு அது சாதாரண நாளில் வெளிறிக் கிடக்கும். ஜோடி சேரும் சில நாட்களில் மட்டும் ரோஜாச் சிவப்பாகிவிடும், மஞ்சள் பாதமும் சிவக்கும். பெரிய கொக்குக்கு மஞ்சள் அலகு கறுத்து, அந்தத் தோல் பச்சையாகும். முட்டையிட்ட பிறகு இந்த நிறம் மங்கிவிடும். அதனால் முதலில் பைனாகுலரில் நிறத்தைத் தேடுங்கள், கேமராவை அப்புறம் எடுக்கலாம்.

பெரிய கொக்கின் ஆட்டத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதுகுத் தூவிகள் (ஜோடி சேரும் காலத்து நீண்ட, மெல்லிய இறகுகள்) மெல்ல எழும். கழுத்து நேராகும், அலகு வானத்தைப் பார்க்கும். ஒரு கணம் அப்படியே நிற்கும். பிறகு காலை மடக்கி உடல் கீழே அமிழும். அப்போது தூவிகள் விசிறியாக விரியும். கழுத்து நிமிரத் தொடங்கும்போதே ஷட்டரை அழுத்தினால்தான் அந்த உச்சம் கிடைக்கும்.

இந்தத் தூவிகளுக்காகத்தான் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பியத் தொப்பி வியாபாரம் கொக்குகளைக் கொன்று குவித்தது. 1889-இல் இங்கிலாந்தில் பறவைப் பாதுகாப்புச் சங்கம் உருவானதும் இப்படி இறகுக்காகப் பறவைகளைக் கொல்வதை எதிர்த்துத்தான். அந்தத் தூவி விரிவதை உயிரோடு பார்க்கக் கிடைப்பதே பெரிய பாக்கியம்.

கேள்வி (கோவை): வெள்ளை வெளுத்துப்போய் இறகே தெரியவில்லை.

பின்னால் இருண்ட இலைகள் இருப்பதால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. வெளிச்ச அளவை நாமே வைக்கும் மேனுவல் முறைக்கு மாறுங்கள். காலை வெயில் ஏறியதும் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400, லென்ஸ் திறப்பு எஃப்/8, ஷட்டர் வேகம் 1/2000 நொடி என்று ஆரம்பித்து, ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாதபடி சரிசெய்யுங்கள். சூரியன் பறவைக்குப் பின்னால் இருந்தாலும் கவலை வேண்டாம். தூவியின் ஒவ்வொரு இழையும் ஒளிர்வது அந்த வெளிச்சத்தில்தான்.

கேள்வி (திருநெல்வேலி): கூந்தன்குளம் பக்கத்து ஊர்தான் எனக்கு. பெரிய லென்ஸ் இல்லை. மொபைல் போதுமா அண்ணா?

போதும், வீடியோவுக்கு. அங்கே ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன. ஆண் குச்சியோடு வரும், பெண் அலகால் வாங்கும், இரண்டும் சேர்ந்து கூட்டில் செருகும். பறவை காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். எனவே காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும் இடத்தில் நின்றால் முகம் பார்த்து வந்து இறங்கும்.

கேள்வி (சென்னை): டிரோன் வைத்தோ, படகில் நெருங்கியோ எடுக்கலாமா?

கூடாது. ஜோடி சேரும் கட்டத்தில் பறவைக்கு அந்த இடத்தின் மேல் பிடிப்பு இன்னும் வந்திருக்காது. முட்டை வந்த பிறகு கலைந்தால் திரும்பி வரவாவது வாய்ப்பு உண்டு, இப்போது கலைத்தால் கூட்டையே கைவிட்டுவிடும். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் வேடந்தாங்கலும் கூந்தன்குளமும். அங்கே போய் நாம் டிரோன் பறக்கவிடுவதை என்னால் ஏற்கவே முடியாது.

கேள்வி (தஞ்சாவூர்): எங்கள் வயலோரம் மயில் உள்ளான் இருக்கிறது. ஆண் எப்போது ஆடும்?

இதில் பெண்ணைத்தான் கவனிக்க வேண்டும். நிறம் கூடியது அதுதான், அந்தி நேரத்தில் கூவி அழைப்பதும் அதுவே. சிறகை விரித்து முன்னால் கொண்டுவரும்போது பொன்னிறப் புள்ளிகள் தெரியும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் வேலை. பொழுது சாய்வதற்கு முன்பே வரப்பில் தாழ உட்கார்ந்துவிடுங்கள். ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றத் தயங்காதீர்கள். பதிவுசெய்த குரலைப் போட்டு அழைக்க வேண்டாம். இன்னொரு பெண் வந்துவிட்டதென்று அது அலைக்கழியும்.