பி.எம்.ஐ. 24: நார்மலா, எடை கூடுதலா?

கேள்வி: எனக்கு 41 வயது, ஊர் கம்பம். குமுளியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை, நாள் முழுக்க உட்கார்ந்தேதான் இருப்பேன். உயரம் 152 செ.மீ., எடை 56 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 88 செ.மீ. போனில் போட்டுப் பார்த்தால் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) நார்மல் என்கிறது. மருத்துவ முகாமில் எடை கூடுதல் என்றார்கள். மூட்டை தூக்கும் என் கணவருக்கு (168 செ.மீ., 75 கிலோ, வயிறு 82 செ.மீ.) உடல் பருமன் என்றே எழுதிவிட்டார்கள். அவருக்குத் தொப்பையே கிடையாது. எதை நம்புவது?

பதில்: உங்கள் விஷயத்தில் முகாமில் சொன்னதே சரி. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ. வந்துவிடும். உங்களுக்கு 24.2. போன் உலகப் பொது அளவைப் பார்க்கிறது. அதில் 25-க்குக் கீழே இருந்தால் நார்மல். இந்தியர்களுக்கு நாங்கள் 23-லிருந்தே எடை கூடுதல், 25-லிருந்து பருமன் என்று எடுத்துக்கொள்கிறோம். அதே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரைவிட நமக்குக் கொழுப்பு அதிகம், தசை குறைவு. அதுவும் வயிற்றுக்குள், கல்லீரலையும் குடலையும் ஒட்டிச் சேரும் கொழுப்பு. இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாமல் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் பார்வைக்கு ஒல்லியாக இருப்பவருக்கும் சர்க்கரை வருகிறது.

உங்கள் கணவருக்கு பி.எம்.ஐ. 26.6. ஆனால் எடை மெஷின் தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டாது. இந்தக் கணக்கை 1830-களில் போட்ட கெட்லே மருத்துவர் அல்ல, பெல்ஜியம் நாட்டு வானியலாளர். மக்கள்தொகையின் சராசரியை அறியப் போட்டது அது. தனி ஒருவருக்கு வயிற்றையும் சேர்த்து அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. அவர் 82, நீங்கள் 88. எனக்குக் கவலை உங்களைப் பற்றித்தான்.

டேப்பை சேலைக்கு மேல் வைக்காமல், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் வைத்து இன்னொரு தரம் அளந்து பாருங்கள். அப்புறம் வெறும் வயிற்றில் சர்க்கரை, எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம் நான்கையும் பாருங்கள். பி.எம்.ஐ. எதையும் உறுதி செய்வதில்லை, யாரைச் சோதிக்க வேண்டும் என்று மட்டும் காட்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் வீட்டுக்கு வந்தால் சர்க்கரையும் பிரஷரும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். கணவரும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். தசை இருப்பதாலேயே பிரஷர் வராது என்றில்லை.

பட்டினி கிடக்க வேண்டாம். மூன்று கிலோ குறைந்தாலே ரத்தத்தில் மாற்றம் தெரியலாம். டீக்குச் சர்க்கரையை நிறுத்துங்கள். பழம்பொரி, இரவுப் புரோட்டா எப்போதாவது போதும். கப்பை (மரவள்ளிக்கிழங்கு) சாப்பிடும் நாளில் சோறு வேண்டாம். மீன், பயறு சேர்த்துக்கொள்ளுங்கள். வேலையில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடங்கள்.