77 வயதில் ஆஸ்கர் வாங்கிய ஆங்கிலேய நடிகை பெக்கி ஆஷ்கிராஃப்ட் அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்?

நாடகம்தான், ஏறக்குறைய அறுபது வருடமாக. 1907இல் லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள கிராய்டனில் பிறந்தவர். 1930இல் லண்டன் சவாய் தியேட்டரில் ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'. கறுப்பினப் பாடகரும் நடிகருமான பால் ரோப்சனுக்கு ஜோடியாக, ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனா வேடம். வெள்ளைக்காரப் பெண் அவரோடு மேடையில் நெருங்கி நடிப்பதா என்று வசைக் கடிதங்கள் வந்தன. 22 வயதுப் பெண் அதற்கெல்லாம் அசையவில்லை. அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1935இல் ஜூலியட். ரோமியோ வேடத்தை அன்றைய பெரிய நடிகர்களான ஜான் கில்குட்டும் லாரன்ஸ் ஒலிவியேவும் மாறி மாறி ஏற்றார்கள். அப்புறம் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடகக் குழுவின் தூண்களில் ஒருவரானார். 1963இல், ஐம்பதைத் தாண்டிய வயதில், ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகங்களில் வரும் அரசி மார்கரெட்டை இளம்பெண்ணிலிருந்து கிழவிவரை ஒரே நாடகத் தொடரில் நடித்துக் காட்டினார்.

சினிமா அவருக்கு எப்போதும் இரண்டாம் பட்சம். டேவிட் லீன் இயக்கிய 'எ பாசேஜ் டு இந்தியா'வில் மிஸஸ் மூர் என்ற ஆங்கிலேய மூதாட்டியாக வந்ததற்குத்தான் 1985இல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர். 'தி ஜுவல் இன் தி கிரவுன்' தொலைக்காட்சித் தொடரையும் தேடிப் பாருங்கள். தனித்துவிடப்பட்ட மிஷனரி ஆசிரியை பார்பியாக அவர் நடித்தது, என் பார்வையில், ஆஸ்கர் வாங்கிய நடிப்பைவிட ஒரு படி மேல்.