நுவரெலியா ஏற்றத்தில் சார்ஜ் கரைவது குளிராலா?

பற்றரியில் பிழை இருக்கும் என்று தோன்றவில்லை. செங்கலடியிலிருந்து 1 தொன் ட்ரெயிலரோடு நுவரெலியா போகையில் மின்சாரப் பிக்கப்பின் சார்ஜ் பாதி வழியில் தீர்கிறது, தை மாதக் குளிரா என்று கேட்டிருந்தீர்கள். குளிருக்குச் சின்னப் பங்குதான். பெரிய பங்கு ஏற்றத்துக்கு.

பிக்கப்பும் ட்ரெயிலரும் சேர்ந்து 3,500 கிலோ என்று வையுங்கள். அதை ஏறக்குறைய 1,870 மீற்றர் தூக்க மட்டும் 18 யூனிட் வேண்டும் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்). மோட்டாரில் வெப்பமாகப் போவதும், வழியில் இறங்கி மறுபடி ஏறுவதும் தனி. உயரமாகக் கட்டிய தறப்பாள் காற்றில் படபடத்தால் அதுவும் பின்னே இழுக்கும்.

மகா ஓயா வரை பெரும்பாலும் சமதரை. அதுவரை எத்தனை யூனிட் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ட்ரெயிலர் இல்லாமல் ஒருமுறை. இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் ட்ரெயிலரைப் பாருங்கள்: டயர் காற்று, பிரேக் உரசல். நிறுத்தியதும் சக்கரங்களுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் அதுதான் கள்ளன்.

ஒரு எச்சரிக்கை. மேலே 100 வீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த பற்றரி, அதுவும் இரவு முழுக்க வெளியில் குளிர்ந்தது, இறக்கத்தில் மோட்டார் பிரேக் போல இழுத்து உண்டாக்கும் மின்சாரத்தைச் சரியாக வாங்காது. பாரமெல்லாம் சாதாரண பிரேக்கில் விழும். 80 வீதம் போதும். ட்ரெயிலருக்குத் தனி பிரேக் உண்டா? இல்லையென்றால் பல பிக்கப்களுக்கு எல்லை 750 கிலோதான், கையேட்டைப் பாருங்கள்.