கடல் மீனுக்கு வெள்ளைப்புள்ளி: இரண்டாவது பாட்டில் வாங்கலாமா?

கேள்வி: சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிறோம். மூன்றடி மரைன் டேங்கில் (கடல்நீர்த் தொட்டியில்) இரண்டு கோமாளி மீன், இரண்டு க்ளீனர் இறால், சில நத்தைகள் இருக்கின்றன. போன மாதம் ஒரு ப்ளூ டேங் வாங்கி விட்டோம். நாலே நாளில் அதன் உடம்பில் உப்புத்தூள் மாதிரி வெள்ளைப் புள்ளிகள். கடைக்காரர், "இறாலுக்கு ஒன்றும் ஆகாது" என்று ஒரு மருந்து கொடுத்தார். ஊற்றிய மூன்றாம் நாள் புள்ளி மறைந்தது. அடுத்த வாரம் இரண்டு மடங்காக வந்துவிட்டது, கோமாளி மீன்கள் மேலும் தெரிகிறது. இப்போது பெரிய பாட்டில் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முதல் தடவை புள்ளி மறைந்ததற்கும் அந்த மருந்துக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது க்ரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி. வளர்ப்பவர்கள் மரைன் இக் என்பார்கள். இது மீனின் தோலுக்குள் 3 முதல் 7 நாள் வரை இருந்து தின்றுவிட்டு, தானாகவே கழன்று கீழே விழும். அப்போது மீன் பளிச்சென்று ஆகிவிடும், நாமும் குணமாகிவிட்டது என்று நினைப்போம். விழுந்தது மணலிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். கூடு உடைந்தால் ஒன்றிலிருந்து நூற்றுக்கணக்கில் குட்டிகள் வெளியே வந்து, ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைத் தேடிப் பிடிக்கும். மருந்துக்குச் சிக்குவது இந்த நீந்தும் பருவம் மட்டும்தான். தோலுக்குள் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் மருந்து எட்டாது. ஆக, எதை ஊற்றியிருந்தாலும் மூன்றாம் நாள் புள்ளி மறைந்திருக்கும், அடுத்த வாரம் திரும்பியிருக்கும்.

இதைக் கொல்வதில் பல காலமாக நிரூபணமான மருந்து காப்பர். ஆனால் காப்பர் இறாலையும் நத்தையையும் சேர்த்துக் கொன்றுவிடும். கல்லும் மணலும் அதை உறிஞ்சிக்கொள்வதால் அளவும் நிற்காது. அதனால் மெயின் டேங்கில் ஊற்றவே கூடாது. "இறாலுக்குப் பாதுகாப்பு, இக்குக்கு எமன்" என்று விற்கும் பாட்டில்களில் காசு போட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. பூண்டுச் சாறும், "க்ளீனர் இறால் கொத்தித் தின்றுவிடும்" என்ற பேச்சும் அப்படித்தான். நன்னீர் மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி வேறு ஒட்டுண்ணி. அதற்குச் செய்வது போல ஹீட்டரை ஏற்றிக் கல் உப்புப் போடுவதும் இங்கே எடுபடாது.

அந்தப் பணத்தை இப்படிச் செலவு பண்ணுங்கள். சின்னக் கடைவீதியில் 50, 60 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்று, புதிதாக. ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர். மீன் ஒளிந்துகொள்ள பிவிசி பைப் துண்டுகள். மணலும் கல்லும் வேண்டாம். எல்லா மீனையும், புள்ளி இல்லாததையும் சேர்த்து, இதற்கு மாற்றுங்கள். அப்புறம் காப்பர் மருந்து, காப்பர் டெஸ்ட் கிட், அமோனியா டெஸ்ட் கிட். இதில் எதை விட்டாலும் காப்பர் கிட்டை விடாதீர்கள். காப்பரில் சாதாரண வகை, கீலேட்டட் வகை (வேறொரு சேர்மத்தோடு பிணைத்தது) என்று இரண்டு உண்டு. இரண்டுக்கும் அளவு வேறு, எல்லா கிட்டும் இரண்டையும் சரியாகக் காட்டாது. கடையில் மருந்து பாட்டிலையும் கிட் டப்பாவையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்து, பொருந்தினால் மட்டும் பணம் கொடுங்கள். பாட்டிலில் சொன்ன அளவுக்கு இரண்டு நாளில் மெதுவாக ஏற்றி, தினமும் சோதித்து, அளவு இறங்காமல் 30 நாள் வைத்திருங்கள். தண்ணீர் மாற்றும்போது புதுத் தண்ணீரிலும் அதே அளவு காப்பர் இருக்க வேண்டும். ஃபில்டரில் கார்பன் போடக்கூடாது. அமோனியா நீக்கும் திரவங்களில் சில, காப்பரோடு சேர்ந்தால் மீனுக்கே விஷமாகும். அமோனியா ஏறினால் தண்ணீரை மாற்றுவதே நல்லது.

மெயின் டேங்கில் இறாலும் நத்தையும் இருக்கட்டும், ஒரு மீன்கூட வேண்டாம். கூட்டுக்குள் 72 நாள் வரை உயிரோடு இருந்ததாகப் பதிவு உண்டு. அதனால்தான் வளர்ப்பவர்கள் 76 நாள் காலியாக வைக்கிறார்கள். ஒரு மாதத்தில் பொறுமை இழந்து மீனைத் திருப்பி விட்டால் செலவெல்லாம் வீண்.

ஒன்று கவனியுங்கள். எண்ணக்கூடிய புள்ளியாக இல்லாமல் மாவு தூவியது போல நுண்ணிய பூச்சாக இருந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கினால் அது வெல்வெட் நோய். ஓரிரு நாளில் மொத்த மீனும் போய்விடும், அன்றைக்கே காப்பருக்கு மாற்றுங்கள். கோமாளி மீனின் தோல் சளியாக உரிந்து வந்தால் புரூக்லினெல்லா. அதற்குக் காப்பர் பயன்படாது, ஃபார்மலின் வேண்டும்.

ப்ளூ டேங் 30 சென்டிமீட்டர் வரை வளரும், இந்த நோய்க்கு எளிதில் ஆளாகும் மீன். மூன்றடி டேங்குக்கு அதை விற்றிருக்கவே கூடாது. குணமானதும் பெரிய டேங்க் உள்ளவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறோம். இலைத்துருவுக்குப் போர்டோ கலவை தெளிக்க வாங்கிய மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) நிறைய இருக்கிறது. காப்பர் மருந்தும் அதுதானே, அதையே போடலாமா?

பதில்: மயில்துத்தத்தில் கால் பங்கு காப்பர். இந்தச் சாதாரண வகைக் காப்பரில் கடல் மீனுக்கு வேண்டியது லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். அதாவது 50 லிட்டர் டப்புக்கு 40 மில்லிகிராம் மயில்துத்தம், ஒரு சிட்டிகைகூட இல்லை. சமையலறைத் தராசு காட்டும் 1 கிராமைப் போட்டால் 25 மடங்கு ஆகிவிடும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைத் தராசில் நிறுத்தால் எடை சரியாக வரும்தான். ஆனால் தோட்டத்துக்கு விற்கும் சரக்கில் வேறு என்ன உலோகம் கலந்திருக்கிறது என்பதைத் தராசு சொல்லாது. மீன் மருந்தாக விற்பதையே வாங்குங்கள். ஏற்காட்டுக் குளிரில் டப்புக்கு ஹீட்டர் கட்டாயம். குளிர்ந்த தண்ணீரில் ஒட்டுண்ணியின் சுற்று நீண்டுவிடும், 30 நாள் கணக்கு பொய்த்துப் போகும்.

கேள்வி: அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வாங்கிய ஒரே வாரத்தில் மீன் நோய் வந்து செத்தது. "உயிருள்ள மீனுக்கு கேரண்டி கிடையாது" என்கிறார்கள். பில்லும் தரவில்லை. ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். பில் தராததே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதே கணக்குதான். கஷ்டம் சாட்சியத்தில் இருக்கிறது. நோய் கடையிலிருந்து வந்ததா, உங்கள் டேங்கில் ஏற்கெனவே இருந்ததா என்று கேட்பார்கள். புது மீனைத் தனி டப்பில் வைத்திருந்தால் உங்கள் பேச்சு நிற்கும், நேராக டேங்கில் விட்டிருந்தால் வாதாடுவது சிரமம்.

பணம் அனுப்பிய யுபிஐ பதிவு, மீனின் படம், கடைக்காரருடன் பேசிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முதலில் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்.

அடுத்த மீனை வாங்கும்போது, உங்கள் கண்முன்னே தீனி போடச் சொல்லுங்கள். சாப்பிடாத மீனையும், கல்லில் உடம்பைத் தேய்க்கும் மீனையும், அந்தத் தொட்டியில் இருக்கும் மற்ற மீன்களையும் வாங்காதீர்கள். கடல் குதிரை என்று யாராவது நீட்டினால் தொடவே வேண்டாம், வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினம் அது. கோமாளி மீன் வேண்டுமென்றால் கடலில் பிடித்ததா, பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்ததா என்று கேளுங்கள். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் பல ஆண்டுகளுக்கு முன்பே அதைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறது. பண்ணை மீன் ஒட்டுண்ணியைச் சுமந்து வரும் வாய்ப்பு குறைவு, தீனியும் சீக்கிரம் எடுக்கும்.