ஸ்காட்லாந்து அரசுக்கு லண்டன் எப்படிப் பணம் ஒதுக்குகிறது?

'ஸ்காட்லாந்து கேட்கிற தொகையை லண்டன் கொடுத்துவிடுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. 1970களின் இறுதியில் வந்த பார்னெட் சூத்திரம்தான் கணக்கு. முந்தைய ஆண்டு மானியம் அப்படியே அடித்தளமாக நிற்கும். இங்கிலாந்தின் செலவில் ஏற்படும் மாற்றத்துக்கு மட்டும் மக்கள்தொகை விகிதப்படி பங்கு உண்டு. இங்கிலாந்தில் மருத்துவத்துக்கு 100 கோடி பவுண்டு கூட்டினால், ஸ்காட்லாந்துக்கு 10 கோடிக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். அதை மருத்துவத்துக்கே செலவிட வேண்டும் என்ற கட்டாயமில்லை, பள்ளிக்கும் கொடுக்கலாம். சரி, வெட்டினால்? ஸ்காட்லாந்துக்கும் குறையும்.

தேவை எவ்வளவு என்று இந்தச் சூத்திரம் பார்ப்பதே இல்லை. என்னைப் பொறுத்தவரை பெரிய குறை இதுதான். இதே சூத்திரப்படி பணம் பெறும் வேல்ஸுக்கு, இந்தக் குறையை ஈடுகட்ட 2018 முதல் 5% கூடுதலாகச் சேர்க்கிறார்கள்.

அப்புறம், ஸ்காட்லாந்து வருமான வரியைத் தானே நிர்ணயிப்பதால், அதற்கு ஈடாக மானியத்தில் ஒரு தொகை கழிக்கப்படுகிறது.