வாய்தா முடிந்த பிறகு

அன்புள்ள ஐயா,

ரிட்லி ஸ்காட்டின் முதல் படமான ‘தி டூயலிஸ்ட்ஸ்’ (1977) பற்றி ஓர் உரையில் சொன்னீர்கள். தேடிப் பார்த்தேன். நெப்போலியன் படையில் இரண்டு குதிரைப்படை அதிகாரிகள், ஃபெரோ, டூபேர். 1800-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் தொடங்கும் அவர்கள் சண்டை 1816 வரை ஓடுகிறது. படம் கண்ணுக்கு அழகு. ஆனால் சண்டைக்குக் காரணமே இல்லையே? விருப்பமில்லாத டூபேர் ஏன் ஒவ்வொரு முறையும் போய் நிற்கிறார்? திரைக்கதையின் ஓட்டை என்றே தோன்றியது. கடைசியில் அவர் எதிரியைப் பெருந்தன்மையோடு மன்னித்துவிடுவது மட்டும் மனதைத் தொட்டது. இன்னொரு கேள்வி: வெள்ளைக்காரர்கள் இந்த ஒண்டிக்கு ஒண்டி சண்டையை மெட்ராஸ் பக்கமும் கொண்டுவந்தார்களா?

ர., மன்னார்குடி

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாள்தான் என் கைக்கு ஒரு மஞ்சப்பை வந்து சேர்ந்தது. பெரியப்பாவின் வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள், பரணில் இருந்ததை அக்கா கொடுத்தனுப்பியிருந்தாள். இரண்டு நாளாக அதையும் உங்கள் கடிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். மெட்ராஸ் கவர்னர் மெக்கார்ட்னி 1783-ல் ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டைப் பதவிநீக்கம் செய்து, கைதுசெய்து, கப்பலேற்றி அனுப்பினார். ஸ்டூவர்ட் 1781-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஹைதர் அலியோடு நடந்த புள்ளலூர்ப் போரில் ஒரு காலை இழந்தவர். அந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை. 1786 ஜூன் மாதம் லண்டனில் இருவரும் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள். ஒற்றைக்காலில் நிற்க முடியாமல் ஸ்டூவர்ட் ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். மெக்கார்ட்னி தன் துப்பாக்கியின் குதிரையை இழுத்து வைக்காமலே நிற்பதைக் கவனித்து, ஸ்டூவர்ட் அதை அவரிடமே சொன்னார். சொல்லிவிட்டுத்தான் சுட்டார். மெக்கார்ட்னிக்குக் காயம், உயிருக்கு ஒன்றுமில்லை. இது போதும் உங்களுக்கு.

இனி ‘ஓட்டை’. எதையாவது செய்துகொண்டே கைபேசியில் ஓடவிட்டீர்களா? காரணம் படத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. மேயரின் சொந்தக்காரப் பையனைக் குத்திச் சாய்த்துவிட்டு ஃபெரோ ஒரு சீமாட்டியின் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறான். வீட்டுக்காவல் உத்தரவோடு டூபேர் நேராக அங்கேயே போய் நிற்கிறான். பெண்கள் பார்க்க, நாலு பேர் முன்னால், அவன் எழுந்து வர வேண்டியதாகிறது. பந்தியில் உட்கார்ந்தவனை எழுப்பிவிட்டால் அது எத்தனை தலைமுறைக்குப் போகும் என்பதை மன்னார்குடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? டூபேர் ஏன் போய் நிற்கிறான் என்றால், போகாதவனோடு மறுநாள் எந்த அதிகாரியும் உட்கார்ந்து சாப்பிட மாட்டான். சண்டையை நடத்துவது பார்க்கிறவர்கள். காரணம் தெரியாததால் படைப்பிரிவே ஆளுக்கொன்று கற்பித்துக்கொள்கிறது. பெரிதாக ஏதோ இருக்கும் என்ற ஊர்ப்பேச்சே இருவரையும் தூக்கி நிறுத்துகிறது. வேறு வேறு பதவியில் இருப்பவர்கள் மோதக்கூடாது என்று விதி. அதனால் ஒருவனுக்குப் பதவி உயர்வு வந்தால் மற்றவன் எட்டிப்பிடிக்கும் வரை சண்டை காத்திருக்கிறது.

வில்லியம் ஹாப்ஸ் அமைத்த சண்டைகளில் மூன்றாவதை மறுபடி பாருங்கள். இருவர் கையிலும் கனத்த பட்டாக்கத்தி. கொஞ்ச நேரத்தில் வீரம் எல்லாம் வடிந்துவிடுகிறது. வீசிய கத்தி ஆளையே இழுத்துக்கொண்டு போகிறது. மூச்சிரைப்பும் இரும்புச் சத்தமும்தான் கேட்கிறது. கடைசியில் கத்தியை விட்டுவிட்டுக் கட்டிப் புரள்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தழுவிக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றும்.

ஆங்கில நாவலாசிரியர் ஜோசப் கான்ராட் 1908-ல் எழுதிய கதைதான் இந்தப் படம். தென் பிரான்சின் சிறு பத்திரிகையொன்றில் வந்த பத்து வரிச் செய்திதான் விதை என்று அவரே எழுதியிருக்கிறார். ஃபூர்னியே, துப்போன் என்ற இரண்டு நிஜ அதிகாரிகள், 1794-ல் தொடங்கிய நிஜப் பகை.

நான் வாதாட வருவது உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்த ஒரு வார்த்தையோடு. ‘பெருந்தன்மையோடு மன்னித்துவிடுவது.’ இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கடைசிக் காட்சியில் எங்கே இருக்கிறது மன்னிப்பு? இடிந்த கோட்டைக்குள் ஃபெரோ தன் இரண்டு குண்டுகளையும் சுட்டுத் தீர்த்துவிடுகிறான். டூபேரிடம் ஒன்று மிச்சம். விதிப்படி உன் உயிர் எனக்குச் சொந்தம், அதை நான் எடுக்கப்போவதில்லை, இனி என்னைப் பொறுத்தவரை நீ செத்தவன், அப்படியே நடந்துகொள் என்கிறான். சொல்லிவிட்டு இளம் மனைவியிடம் திரும்பிப் போகிறான். இதுவா மன்னிப்பு? 16 வருஷம் ஒருவன் எதற்காகக் காலையில் எழுந்தானோ அதைப் பிடுங்கிக்கொள்வது மன்னிப்பா? சக்கரவர்த்தி போய்விட்டார், படை போய்விட்டது. ஃபெரோவிடம் மிச்சம் இருந்த ஒரே சொத்து அந்தப் பகை. சுட்டிருந்தால் அவன் ஃபெரோவாகவே செத்திருப்பான்.

டூபேர் பெருந்தன்மை இல்லாதவன் என்று நான் சொல்லவில்லை. அவனுடைய பெருந்தன்மை வேறு இடத்தில் இருக்கிறது, நீங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. நெப்போலியன் இரண்டாம் முறை வீழ்ந்தபின் சாக வேண்டியவர்கள் பட்டியலில் ஃபெரோவின் பெயர் இருக்கிறது. டூபேர் தனக்குப் பிடிக்காத மனிதரான போலீஸ் அமைச்சர் ஃபூஷேயின் அலுவலகத்துக்குப் போய், அவர் முன்னால் குனிந்து நின்று, அந்தப் பெயரை அடிக்க வைக்கிறான். தான் கேட்டது ஃபெரோவுக்குத் தெரியக்கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறான். யாரும் பார்க்கவில்லை, சீமாட்டிகள் இல்லை, படைப்பிரிவு இல்லை. கௌரவம் என்ற சொல்லுக்கு ஏதாவது பொருள் இருந்தால் அந்த மேசை மேல்தான் இருக்கிறது. கோட்டையில் நடப்பது வெற்றி. அதைப் போய் மன்னிப்பு என்கிறீர்களே!

என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒன்றரை சென்ட்டுக்கு வழக்கு. வாய்க்கால் கரையை ஒட்டிய வரப்பு அது. இருவரும் ஒரே பாட்டனின் பேரன்கள். 11 வருஷம் முன்சீப் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். ஊரிலிருந்து காலையில் ஒரே பஸ். பெரியப்பா டிரைவருக்குப் பின்னால், அப்பா கடைசி சீட்டில். விடுமுறை நாட்களில் நானும் போயிருக்கிறேன். கோர்ட்டு வேப்பமரத்தடியில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். பெரியப்பா அன்று மட்டும் வெளுத்த வேட்டி, விபூதி, மடியில் அந்த மஞ்சப்பை. அது என் அப்பா கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை. அப்பாவுக்கு எதிரான காகிதமெல்லாம் அதில்தான் இருந்தது. இருவருக்குமே அப்போது அது உறுத்தியதாகத் தெரியவில்லை. அப்பா அன்றைக்கென்று முகம் மழித்துக்கொள்வார். அம்மா கேலி செய்வாள், “மாப்பிள்ளை அழைப்புக்கா போறீங்க?”

அப்பா ஜெயித்தார். அந்த வாரமே ஊர்ப் பெரியவர் மூலம் சொல்லி அனுப்பினார்: “அந்த இடத்தை அண்ணனே வச்சுக்கட்டும், எனக்கு வேண்டாம்.” ஊரே அப்பாவைத் தங்கமான மனுஷன் என்றது. நானும் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். பெரியப்பா அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை, வேண்டாமென்று சொல்லவும் இல்லை. அந்த வரப்பில் கடைசிவரை ஒரு துவரைச் செடிகூட வைக்கவில்லை. கோரை மண்டிக் கிடந்தது.

சில மாதம் கழித்து வக்கீல் குமாஸ்தா அப்பாவைக் கடைத்தெருவில் பார்த்துச் சொன்னார்: “உங்க அண்ணன் இன்னைக்கும் வந்திருந்தார் சார். மரத்தடியில உட்கார்ந்திருந்துட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போனார். என்ன விஷயம்னு கேட்டேன், சும்மான்னார்.” அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது இதற்குப் பல வருஷம் கழித்து, சென்னையில் ஒரு திரைப்படச் சங்கத்தில். கடைசியில் ஃபெரோ கறுப்பு அங்கியும் நெப்போலியன் தொப்பியுமாக ஒரு மேட்டில் நின்று கீழே ஆற்றைப் பார்க்கிறான், மேகத்துக்குள்ளிருந்து வெயில் இறங்குகிறது. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரிந்தது வேப்பமரமும் வெளுத்த வேட்டியும்தான். அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று துடித்தேன். அவர் அப்போது இல்லை.

நீங்கள் கான்ராடின் கதையையும் வாசியுங்கள், இரண்டு மாலை போதும். படத்தில் இல்லாத ஒன்று அதில் உண்டு. சண்டை முடிந்தபின் டூபேர், ஃபெரோவின் ஜீவனத்துக்கு ரகசியமாகப் பணம் போக ஏற்பாடு செய்கிறான். கான்ராடுக்குத் தெரிந்திருக்கிறது, அந்தக் கோட்டையோடு கணக்குத் தீரவில்லை என்று.

பையில் வக்காலத்து நகல்கள், கிஸ்தி ரசீதுகள், சர்வே வரைபடம், ஒரு நாற்பது பக்க நோட்டு. நோட்டு முழுக்கப் பென்சிலில் வாய்தா தேதிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த நாளின் கிழமை. தீர்ப்பான தேதிக்குக் கீழே பெரியப்பா ஒரு கோடு போட்டிருக்கிறார். கோட்டுக்குக் கீழே, அதே கையெழுத்தில், மாதம் ஒன்றாக இன்னும் 27 தேதிகள் இருக்கின்றன. அவற்றுக்கும் கிழமை எழுதியிருக்கிறார்.