படித்ததில் பிடித்தது, சரி, எங்க படிச்சீங்க?

அன்புள்ள அக்காவுக்கு,

குளச்சல் பக்கம் இருந்து எழுதுறேன். மீன்களைப் பத்தி ஒரு சைட் நடத்துறேன், எது எந்த மாசம் கரைக்கு வரும், எந்த ஊர்ல என்ன பேருன்னு. 'நெய்மீனும் வஞ்சிரமும் ஒண்ணுதானா'ன்னு நான் எழுதின கட்டுரையை ஒரு பெரிய செய்தி சைட் அப்படியே எடுத்துப் போட்டுட்டாங்க. கூகுள்ல தேடினா அவங்கதான் மொதல்ல, நான் மூணாவது பக்கத்துல கிடக்கேன். ஒருத்தர் 5,000 ரூபாய்க்கு 300 பேக்லிங்க், அதாவது வேற சைட்டுகள்லேருந்து என் சைட்டுக்கு லிங்க், தர்றேன்னு மெயில் அனுப்பியிருக்கார். வாங்கலாமா? பக்கத்தோட கோடுக்குள்ள மறைவா இருக்கிற மெட்டா டேக்ல கீவேர்டு போடணுமா? டொமைனை டாட் காமுக்கு மாத்தணுமா?

*

தம்பி,

வாங்காதீங்க. மெட்டா கீவேர்டை நாங்க பாக்கறதே இல்லைன்னு கூகுளே 2009ல சொல்லியாச்சு. டொமைன் மாத்துறது வெட்டி வேலை. திருட்டுக்கு கூகுள்லயே காப்பிரைட் புகார் ஃபாரம் இருக்கு, நிரப்பி அனுப்புங்க.

அந்த 300 லிங்க் எங்கேருந்து வரும்னு யோசிச்சீங்களா? சூதாட்டம், பல் டாக்டர், நோட்ஸ் விக்கிறவன்னு யாருமே படிக்காத பக்கங்களோட அடியில 'நெய்மீன்'னு ஒரு வார்த்தை நீலக் கலர்ல தொங்கும், அவ்ளோதான். அமெரிக்காவுல ஜேசி பென்னின்னு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோருக்கு இப்படித்தான் ஆயிரக்கணக்கான லிங்க் இருந்துச்சு, சாம்சோனைட் பெட்டின்னு தேடினா சாம்சோனைட் கம்பெனி சைட்டுக்கும் மேல இவங்க வந்தாங்க. 2011 பிப்ரவரியில நியூயார்க் டைம்ஸ் இதை நோண்டி எடுத்து கூகுள்கிட்ட கேட்டுச்சு. சாயங்காலம் ஒண்ணாவது இடத்துல இருந்தவங்க ரெண்டு மணி நேரத்துல 71க்குப் போயிட்டாங்க. அவங்க பெரிய கை, எழுந்துட்டாங்க, நீங்க எழுந்திருப்பீங்களா? அடுத்த வருஷம் ஏப்ரல்ல கூகுள்காரங்க பெங்குவின்னு ஒரு அப்டேட் விட்டு இந்த மாதிரி லிங்க் வாங்கினவங்களை மொத்தமா வாரினாங்க. இப்ப பெரும்பாலும் அந்த லிங்க்கையெல்லாம் கணக்குலயே எடுக்கிறதில்ல, அப்படின்னா 5,000 ரூபாய் கடல்ல போட்ட மாதிரி, அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

ஆனா உங்க கடிதத்துக்கு நான் பதில் எழுத உக்காந்தது இதுக்காக இல்ல. கொஞ்ச நாளாவே எனக்கு ஒரு எரிச்சல் இருக்கு, நீங்க வந்து மாட்டிக்கிட்டீங்க.

கூகுளை ஆரம்பிச்ச லாரி பேஜும் செர்கே பிரினும் 1998ல ஸ்டான்ஃபோர்டுல படிச்சிட்டிருந்தப்ப எழுதின கட்டுரையில இருக்கிற விஷயம் ரொம்ப சிம்பிள். ஒருத்தர் இன்னொருத்தர் பக்கத்துக்கு லிங்க் குடுத்தா அது ஒரு மரியாதை, குடுக்கிறவருக்கு எவ்ளோ மரியாதை வந்திருக்கோ அது அவர் குடுத்த லிங்க் எல்லாத்துக்கும் பங்கு பிரியும். ஊர்ப் பெரியவர் நம்ம வீட்டு விசேஷத்துக்கு வந்தா நாலு பேர் திரும்பிப் பாப்பாங்க, அவரே ஒரே நாள்ல நூறு வீட்டுக்குப் போனா எந்த வீட்டுக்கும் பெரிசா மவுசு இல்ல, அதான். அப்புறம் ஒருத்தன் கால் போன போக்குல லிங்க்கை கிளிக் பண்ணிட்டே போறான்னு வச்சுக்கிட்டு, 100க்கு 85 தடவை லிங்க் வழியா போவான், மீதி 15 தடவை சலிச்சுப்போய் எங்கயோ குதிப்பான்னு ஒரு கணக்கு. அவன் எந்தப் பக்கத்துல அதிகமா வந்து நிக்கிறானோ அது மேல வரும். இன்னைக்கு கூகுள் பாக்கிற விஷயங்கள்ல இது ஒண்ணுதான், இருந்தாலும் அஸ்திவாரம் இங்கதான். இதுவும் புதுசில்ல, யூஜின் கார்ஃபீல்டுன்னு ஒருத்தர் 1964லயே எந்த ஆராய்ச்சிக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு அட்டவணை போட்டு புத்தகமா கொண்டுவந்தார்.

இப்ப சொல்லுங்க, நம்ம ஆளுங்க யாருக்காவது லிங்க் குடுக்கிறோமா? 'படித்ததில் பிடித்தது'ன்னு தலைப்பு போட்டு முழுசா காப்பி பேஸ்ட் பண்ணி அடியில 'நன்றி: இணையம்'னு போடுவான். இணையம்னு ஒருத்தர் எங்க இருக்கார், எந்தத் தெரு? ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல போடுவான், ஆயிரம் பேர் படிப்பாங்க, கூகுளுக்கு அதுல ஒண்ணுகூட தெரியாது, அது வாட்ஸ்அப் குரூப்புக்குள்ள வந்து எட்டிப் பாக்க முடியாது. ஆக நெய்மீன் கட்டுரையை ஊரே படிச்சிருந்தாலும் மெஷின் கண்ணுக்கு உங்களை யாரும் சீண்டல, அந்த செய்தி சைட்டுக்குத்தான் லட்சம் லிங்க் இருக்கு, அது உங்ககிட்டேருந்து எடுத்ததுன்னு எங்கயாவது ஒரு லிங்க் இருந்தாத்தானே அதுக்குப் புரியும்?

தமிழ் பிளாக்கையெல்லாம் ஒரே இடத்துல திரட்டிக் காட்டின தமிழ்மணம் இருந்த காலத்துல எனக்கு ஒரு சண்டைக்காரர் இருந்தார். ரசத்துல ஆரம்பிச்சு மொழிபெயர்ப்பு வரைக்கும் நான் எழுதினது எதுவும் அவருக்கு ஆகாது. ஒருநாள் மெயில் வருது: "உங்க பதிவோட லிங்க் உடைஞ்சிருக்கு, சரியான முகவரி அனுப்புங்க, திட்டணும்." அனுப்பினேன். நல்லா திட்டினார். அதைப் படிச்சிட்டு என் பக்கம் வந்து அப்புறம் போகவே போகாத வாசகர்கள் உண்டு. அந்த மனுஷனுக்கு இருந்த நேர்மை என்னைப் புகழ்றவங்க பாதிப் பேருக்கு இல்ல தம்பி. அவரோட பிளாக் இப்ப இல்ல, தேடினா எதுவும் வரல, அது எனக்கு ஒரு வருத்தம்.

திட்டினாலும் லிங்க் லிங்க்தான், மெஷினுக்கு தொனி தெரியாது. நியூயார்க்ல புரூக்ளின்ல ஆன்லைன்ல மூக்குக்கண்ணாடி விக்கிற ஒருத்தர் கஸ்டமர்களை மிரட்டி, அவங்க போய் கம்ப்ளெயின்ட் எழுத எழுத அந்த லிங்க்ல நான் மேல வர்றேன்னு பேட்டியே குடுத்தார், 2010ல. கூகுள் சில நாள்லயே அந்த மாதிரி கடை மேல வராதபடி மாத்திட்டோம்னு அறிவிச்சுது, அவர் ஜெயிலுக்குப் போனார். அவ்ளோ தூரம் போக வேண்டாம், பிடிக்காதவங்களைக் காட்டணும் ஆனா மரியாதை போகக் கூடாதுன்னா லிங்க்கோட சேர்த்துப் போடுற நோஃபாலோன்னு ஒரு குறிப்பு 2005லேயே வந்திருக்கு. காட்டாம இருக்கிறதுக்கு சாக்கே இல்ல.

உங்க சைட்டையும் பாத்தேன், நல்லா இருக்கு, நெத்தோலி கட்டுரை எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஆனா சாளை பத்தின கட்டுரையில நாலு பத்திக்கு மேல 'ஒரு மூத்த மீனவர் வலைப்பூவில் எழுதியிருந்தபடி'ன்னு இருக்கே, யாரு அந்த மூத்த மீனவர்? லிங்க் எங்க? அந்த செய்தி சைட் உங்களுக்குப் பண்ணதுக்கும் இதுக்கும் எனக்கு பெரிய வித்தியாசம் தெரியல. கோவப்படாதீங்க, கோவம் வந்தாலும் பரவாயில்ல. அவர் முகவரியைத் தேடி எடுத்து கட்டுரையில மொதல் பத்தியிலயே போடுங்க, எனக்கும் அனுப்புங்க, சாளைக்கு கொடம்புளியா வாளம்புளியான்னு அவர்கிட்ட கேக்க வேண்டியிருக்கு. உங்க சைட் லிங்க்கை மேல உங்க கடிதத்துல போட்டுட்டேன், நோஃபாலோ எல்லாம் போடல.